சதுர ஃபில்டர் வாங்கப் போகிறீர்களா? லென்ஸிலிருந்து தொடங்குங்கள்

நிலக்காட்சிப் படம் எடுக்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே எல்லோருக்கும் ஒரே தலைவலி வரும். வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் தரை கருத்துவிடும். தரைக்கு வைத்தால் வானம் வெளுத்துவிடும். ஓடும் தண்ணீரை இழையவிட்டு எடுக்கலாம் என்று பார்த்தால், வெளிச்சம் ஷட்டரை அவ்வளவு மெதுவாகப் போக விடாது. அப்போதுதான் லென்ஸுக்கு முன்னால் ஹோல்டர் என்ற சட்டத்தில் செருகும் சதுர ஃபில்டர் பக்கம் கண் போகும். கூடவே குழப்பமும் வரும். 75, 100, 150 மிமீ என்று அகலங்கள், ஏழெட்டு கம்பெனிகள், ஒவ்வொன்றிலும் நாலைந்து கிட்கள். எதை எடுத்தாலும் ‘இது தனியாக வாங்க வேண்டும்’ என்று எங்கேயோ பொடி எழுத்தில் ஒரு வரி.

இதில் நானும் நிறைய அலைந்தேன். கடைசியில் புரிந்தது இதுதான்: ஃபில்டரைப் பார்த்துத் தொடங்கக் கூடாது, லென்ஸைப் பார்த்துத் தொடங்க வேண்டும். என்ன அகலம் வேண்டும் என்பதை லென்ஸ் முடிவு செய்யும். அகலம் தெரிந்தால் ஹோல்டரைத் தேர்ந்தெடுக்கலாம். ஹோல்டர் முடிவானபின் ஃபில்டர் வாங்குவது சுலபம். இதைத் தலைகீழாகச் செய்தால் ஒரே பொருளை இரண்டு முறை வாங்க நேரும்.

1. சதுரம் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா?

அகலமான காட்சியைப் பிடிக்கும் வைட் லென்ஸ் ஒன்றே ஒன்று வைத்திருக்கிறீர்கள், பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஒன்றும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஒன்றும் போதும் என்றால், லென்ஸில் திருகும் வட்ட ஃபில்டரே போதும். விலை குறைவு, எடை குறைவு, பையில் இடமும் அடைக்காது. காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் வட்ட ஃபில்டர்கள் வந்தபிறகு திருகித் திருகிக் கழற்றும் வேலையும் போய்விட்டது.

சதுரத்துக்கு மூன்று நியாயமான காரணங்கள் உண்டு. முதலாவது, பாதி கருமை பாதி தெளிவு என்று இருக்கும் ஜிஎன்டி ஃபில்டர். அடிவானம் படத்தில் எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்குக் கோட்டை ஏற்றி இறக்கப் பலகை வடிவம்தான் வசதி. வட்டத்தில் அந்தக் கோடு நடுவிலேயே நிற்கும். அடிவானத்தை எப்போதும் நடுவில் வைத்தா படம் எடுப்போம்? இரண்டாவது, பல லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரே செட் எல்லாவற்றுக்கும் உதவும். மூன்றாவது, கருமையான என்டியை ஒரு நொடியில் உருவி எடுத்து, ஃப்ரேமையும் ஃபோகஸையும் சரிபார்த்துவிட்டு மறுபடி செருகலாம்.

வெவ்வேறு எக்ஸ்போஷரில் சில படங்கள் எடுத்துப் பின்னால் சேர்த்தால் ஜிஎன்டி எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மலைச் சிகரமோ கோபுரமோ மரமோ வானத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தால், ஜிஎன்டி அதன் தலையையும் சேர்த்துக் கருக்கிவிடும். அங்கே படங்களைச் சேர்ப்பதுதான் நல்லது. ஆனால் அலையடிக்கும் கடல், காற்றில் ஆடும் புல், நீண்ட எக்ஸ்போஷர் இவற்றில் படத்துக்குப் படம் காட்சி மாறிவிடும், சேர்ப்பது பெரும்பாடு. நீங்கள் அதிகம் எடுப்பது கடற்கரையும் திறந்த வெளியும் என்றால் சதுரத்துக்குப் போங்கள். போலரைசர் விஷயம் வேறு. ஈரப்பாறையின் மினுமினுப்பை எடுத்துவிட்டு உள்ளிருக்கும் நிறத்தைக் காட்டுவதை எந்த மென்பொருளாலும் செய்ய முடியாது. பிரதிபலிப்பு மறைத்த விவரம் சென்சாருக்கு வந்து சேரவே இல்லையே.

2. லென்ஸ் பட்டியல் போடுங்கள்

ஒரு தாளை எடுத்து, இருக்கும் ஒவ்வொரு லென்ஸுக்கும் நான்கு விவரம் எழுதுங்கள்: முன்பக்க மரை (ஃபில்டர் திருகும் இடம்) எத்தனை மிமீ, அதிகபட்ச வைட் எத்தனை மிமீ, எந்த சென்சார் கேமராவில் போடுகிறீர்கள், முன் கண்ணாடி தட்டையா புடைத்திருக்கிறதா.

மரை அளவு லென்ஸின் முன் விளிம்பில், குறுக்குக் கோடு போட்ட வட்டக் குறிக்குப் பக்கத்தில் அச்சடித்திருக்கும். லென்ஸ் மூடியின் உள்பக்கத்திலும் பெரும்பாலும் இருக்கும். 49, 52, 55, 58, 62, 67, 72, 77, 82, 95 என்பவை வழக்கமான அளவுகள். புதியவர்கள் இதையும் ஃபோகல் லெங்த்தையும் குழப்பிக்கொள்வது அதிகம்: 50 மிமீ லென்ஸ் என்றால் மரையும் 50 மிமீ என்று பொருளில்லை.

சென்சார் ஏன் முக்கியம் என்றால், ஹோல்டர் விளம்பரங்களில் ‘16 மிமீ வரை மூலை கருக்காது’ (ஹோல்டரின் ஓரம் படத்தின் மூலையில் விழாது) என்பது ஃபுல் ஃப்ரேம் கணக்கு. அதைவிடச் சின்ன க்ராப் சென்சாரில் 10 மிமீயும் இன்னும் சின்ன மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 8 மிமீயும் ஏறக்குறைய அதே அளவு காட்சியைப் பிடிக்கும். உங்கள் எண்ணை ஃபுல் ஃப்ரேம் கணக்குக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

புடைத்த முன் கண்ணாடிதான் பெரிய கண்ணி. நிக்கானின் பழைய எஃப் மவுன்ட் 14-24 எஃப்/2.8, கேனனின் 11-24 எஃப்/4, சிக்மாவின் 14-24 எஃப்/2.8 போன்றவற்றில் முன்பக்கம் மரையே கிடையாது. வெளிச்சத்தை மறைக்கும் ஹூட் கழற்ற முடியாதபடி லென்ஸோடு சேர்ந்தே வரும். இவற்றுக்கு அந்தந்த லென்ஸுக்கென்றே செய்த ஹோல்டர் வேண்டும், அதுவும் 150 மிமீ அல்லது அதற்கும் மேல். சில லென்ஸ்களில் பின்பக்கம் தாள் போல மெல்லிய ஜெல் ஃபில்டர் செருக இடம் உண்டு. கேனன் 11-24, சோனி 12-24 எஃப்/2.8 ஜிஎம் இரண்டிலும் இருக்கிறது. அதில் என்டி போடலாம். ஜிஎன்டியும் போலரைசரும் அந்த வழியில் நடக்காது.

அப்புறம், அடுத்த இரண்டு வருடத்துக்குள் வாங்க நினைக்கும் லென்ஸையும் அதே தாளில் எழுதுங்கள். இப்போது 67 மிமீ மரை போதும் என்று சின்ன செட் வாங்கிவிட்டு, ஆறு மாதத்தில் 82 மிமீ மரையுள்ள 16-35 வந்து சேர்ந்தால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். லென்ஸே இன்னும் முடிவாகவில்லை என்றால் ஃபில்டரை ஒத்திப்போடுங்கள். மரையில்லாத லென்ஸ் வாங்குவதா, மரையுள்ளதை வாங்குவதா என்று யோசிக்கும்போது ஃபில்டர் செலவையும் லென்ஸ் விலையோடு கூட்டிப் பார்த்தால் கணக்கு சில சமயம் தலைகீழாகிவிடும்.

3. அகலத்தைத் தீர்மானியுங்கள்

75 மிமீ: சின்ன மிர்ரர்லெஸ் லென்ஸ்களுக்கு. மரை 67 மிமீக்குள் இருந்து, பையின் எடை உங்களுக்கு முக்கியம் என்றால் இது நல்ல தேர்வு.

100 மிமீ: பெரும்பாலோருக்கு இதுதான். 82 மிமீ மரை வரை சிரமமில்லை, நல்ல ஹோல்டர் என்றால் ஃபுல் ஃப்ரேமில் 16 மிமீ வரை தாங்கும். லீ, நிசி, ஹைடா, கேஸ், பென்ரோ, கோக்கின் என்று எல்லோரும் இந்த அகலத்தில் செய்கிறார்கள். அதனால் தேர்வு அதிகம், பழைய பொருளும் கிடைக்கும், விற்கவும் சுலபம்.

150 மிமீ: புடைத்த லென்ஸ் இருந்தால் மட்டும். ‘எதற்கும் இருக்கட்டும், பெரிதாகவே வாங்கிவிடலாம்’ என்ற எண்ணம்தான் பலரையும் இங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. 100-க்கு 100 மிமீ, 2 மிமீ தடிமன் கண்ணாடி சுமார் 50 கிராம். 150-க்கு 150 அதைவிட இரண்டேகால் மடங்கு. அது ஒரு பலகைக்கு. நாலு பலகை, பெரிய ஹோல்டர், பெரிய உறை எல்லாம் சேர்த்தால் மலையேறும்போது தோள் சொல்லும். விலையும் அதே திசையில் ஏறும். காற்று அடித்தால் அந்த அகலமான பலகை காற்றைப் பிடித்து ட்ரைபாடை அசைக்கும். நீண்ட எக்ஸ்போஷரில் அது படத்தில் தெரியும்.

இவற்றுக்கு நடுவில் 84, 85 மிமீ செட்களும் உண்டு. கோக்கினின் பி வரிசை 84 மிமீ. மலிவாகக் கிடைக்கும், பரந்த வைட் இல்லாதவர்களுக்கு உபயோகமாகவும் இருக்கும். ஃபுல் ஃப்ரேமில் வைட் லென்ஸ் வைத்திருப்பவர்கள் தொட வேண்டாம்.

4. ஹோல்டர்: நேரம் எடுத்துத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலோர் ஃபில்டரின் கண்ணாடித் தரத்தைப் பற்றி வாரக்கணக்கில் படித்துவிட்டு, ஹோல்டரை ஐந்து நிமிடத்தில் முடிவு செய்கிறார்கள். இருக்க வேண்டியது இதற்கு நேர்மாறாக. காரணம் இதுதான்: 100 மிமீ அகலம், 2 மிமீ தடிமன் உள்ள வெறும் பலகை எந்தக் கம்பெனியுடையதானாலும் வேறு கம்பெனியின் 100 மிமீ ஹோல்டரில் பெரும்பாலும் உட்காரும். ஆனால் ஹோல்டரை லென்ஸ் மரையில் பொருத்தும் அடாப்டர் ரிங் வேறு கம்பெனிக்கு ஒத்துவராது. ஹோல்டருக்குள் போகும் போலரைசரும் ஒத்துவராது. காந்தச் சட்டம் போட்டு வரும் ஃபில்டர்களும் அந்தந்த ஹோல்டருக்குத்தான். ஆக, ஹோல்டரை மாற்றினால் ரிங்குகளும் போலரைசரும் கூடவே போய்விடும். இந்தத் தொகுதியில் விலை அதிகமான தனிப் பொருள்களில் போலரைசரும் ஒன்று என்பதை மறக்காதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது போலரைசர் எங்கே உட்காருகிறது என்பது. லென்ஸுக்கு அருகில், பலகைகளுக்குப் பின்னால் உட்காரும் வகை ஒன்று. நிசியின் வி6, வி7, ஹைடாவின் எம்10 போன்ற ஹோல்டர்கள் அப்படி. லீ கம்பெனியின் லீ 100 ஹோல்டரில் 105 மிமீ போலரைசர் பலகைகளுக்கு முன்னால் கவ்விக்கொள்ளும். இரண்டிலும் போலரைசரைத் தனியாகச் சுற்ற முடியும், ஜிஎன்டியின் கோடு அசையாது. பின்னால் உட்காரும் வகையில் ஃபில்டர் அளவு சின்னது, வைட் லென்ஸில் மூலை கருக்கும் பயமும் குறைவு. முதல் செட் வாங்குபவருக்கு நான் சொல்வது பின்னால் உட்காரும் வகையைத்தான். அதிலும் ஒன்று கவனியுங்கள்: ஹோல்டர் லென்ஸில் மாட்டியிருக்கும்போதே போலரைசரைச் சுற்ற வெளியே சக்கரம் இருக்கிறதா, கையுறையோ ஈர விரலோ இருந்தாலும் அது சுழலுமா?

அடுத்து, பலகை செருகும் காடி எத்தனை. இரண்டு போதும். மூன்று காடி இருந்தால் ஹோல்டர் முன்னால் நீளும், நீண்டால் மூலை கருக்கும். ஒரே நேரத்தில் போலரைசரோடு மூன்று பலகை போடும் தேவை அபூர்வம். ஒவ்வொரு பரப்பும் கூடுதல் பிரதிபலிப்பைக் கொண்டுவரும் என்பதால் போடாமல் இருப்பதே நல்லது. காடியைக் கழற்றவும் சேர்க்கவும் வசதியுள்ள ஹோல்டர் என்றால் ஒன்றைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, வெளிச்சக் கசிவு. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது; 10 ஸ்டாப் என்டி வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது. ஷட்டர் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் திறந்திருக்கும்போது, பலகைக்கும் ஹோல்டருக்கும் நடுவிலுள்ள சின்ன இடுக்கு வழியே வரும் வெளிச்சமும் படத்தில் மங்கலான பட்டையாக விழும். இதைத் தடுக்கக் கருப்பு நுரைச் சட்டம் பலகையிலோ ஹோல்டரிலோ இருக்கும். எந்தப் பக்கம் இருக்கிறது என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டிலும் இருந்தால் பலகை நெருக்கி நிற்கும். இரண்டிலும் இல்லாவிட்டால் கசியும். இந்த ஒரு விஷயத்தில்தான் கம்பெனி மாற்றிக் கலந்து வாங்குபவர்களுக்குச் சிக்கல் வருகிறது.

கடைசியாகப் பூட்டு. காந்தமோ ஸ்பிரிங் குமிழோ, ரிங்கிலிருந்து ஹோல்டர் தவறுதலாகக் கழன்று விழாதபடி ஏதாவது ஒரு பூட்டு கட்டாயம் வேண்டும். காந்த ஹோல்டர்கள் வேகமானவை, இருட்டில் வேலை செய்யும்போது உண்மையிலேயே அருமை. ஆனால் பாறையில் முட்டினாலோ பை இடித்தாலோ கழன்றுவிடும் வகை கடற்கரைக்கு ஆகாது. பூட்டோடு வரும் காந்தம் என்றால் சரி.

5. ரிங்குகள்

பெரும்பாலான 100 மிமீ கிட்களில் 82 மிமீ முக்கிய ரிங்கும், 67, 72, 77 போன்ற சில சின்ன ரிங்குகளும் வரும். உங்கள் பட்டியலோடு ஒப்பிட்டு, இல்லாததை மட்டும் வாங்குங்கள். 49, 52, 58 மிமீ மரைகளுக்கு, சின்ன மரையைப் பெரிய ரிங்கோடு இணைக்கும் சாதாரண ஸ்டெப்-அப் ரிங் போதும், ஹோல்டர் கம்பெனியுடையதே வேண்டும் என்பதில்லை. ஒரே லென்ஸில் இரண்டு மூன்று ரிங்கை அடுக்க மட்டும் வேண்டாம். வைட் லென்ஸில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் மூலையைத் தின்னும்.

பித்தளை ரிங் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலையானாலும் அதையே எடுங்கள். அலுமினிய ரிங் அலுமினிய மரையில் இறுகிக்கொள்ளும். மாட்டும்போது முதலில் எதிர்ப்பக்கமாகக் கால் சுற்று சுற்றி மரை உட்காருவதை உணர்ந்து, பிறகு திருகுங்கள். லென்ஸில் நிரந்தரமாக இருக்கும் யுவி ஃபில்டரை முதலில் கழற்றிவிட வேண்டும். இதை மறப்பவர்கள் ஏராளம். மூலை கருக்கிறது என்று ஹோல்டரைக் குறை சொல்வார்கள்.

6. முதலில் எந்த ஃபில்டர்?

பெயர் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். ஒரே என்டியை மூன்று விதமாகக் குறிப்பார்கள். 0.9, என்டி8, 3 ஸ்டாப் மூன்றும் ஒன்று. 1.8, என்டி64, 6 ஸ்டாப் ஒன்று. 3.0, என்டி1000, 10 ஸ்டாப் ஒன்று. புள்ளி வைத்த எண்ணில் ஒவ்வொரு 0.3-மும் ஒரு ஸ்டாப். ‘என்டி4’ என்றால் 2 ஸ்டாப்தான், 4 ஸ்டாப் அல்ல. 4 ஸ்டாப்புக்கு என்டி16 என்று எழுதியிருக்கும். ஆர்டர் போடும் முன் ஸ்டாப் கணக்கில் ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

என் வரிசை: போலரைசர், 6 ஸ்டாப் என்டி, 3 ஸ்டாப் ஜிஎன்டி, கடைசியாக 10 ஸ்டாப்.

எல்லோரும் முதலில் 10 ஸ்டாப்பைத்தான் வாங்குகிறார்கள், அதில் வரும் படங்கள் கண்ணைப் பறிப்பதால். ஆனால் நாம் படம் எடுப்பது பெரும்பாலும் காலையும் மாலையும். ஃபில்டர் இல்லாமல் 1/15 நொடி வரும் வெளிச்சத்தில் 6 ஸ்டாப் போட்டால் சுமார் 4 நொடி. தண்ணீர் இழையும், மேகம் லேசாக நகரும், பாறையில் வழியும் நுரையின் கோடுகளும் தெரியும். அதே இடத்தில் 10 ஸ்டாப் போட்டால் ஒரு நிமிடத்துக்கும் மேல். கடல் வெறும் பனிமூட்டமாகிவிடும். அலைக்கு வடிவம் வேண்டுமென்றால் அரை நொடியிலிருந்து இரண்டு நொடி வரைதான் பெரும்பாலும் அழகு. 10 ஸ்டாப்புக்கு இடம் நல்ல பகல் வெளிச்சத்தில்.

போலரைசர் 1 முதல் 2 ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும். சூரியனுக்குச் செங்குத்தான திசையில் வானம் அதிகம் கருக்கும் என்பதால், மிக வைட் லென்ஸில் நீல வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருத்துத் திட்டாக நிற்கும். அங்கே பாதி வரை மட்டும் சுற்றுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். அருவி, காடு, ஈர இலை, ஓடை இவற்றில் முழுப் பலனும் கிடைக்கும்.

ஜிஎன்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகம் யோசிக்க வேண்டும். கருமையிலிருந்து தெளிவுக்கு மாறும் இடம் மெதுவாக இருந்தால் சாஃப்ட், சட்டென்று மாறினால் ஹார்டு, நடுவில் மீடியம். கருமை அடிவானத்தில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருப்பது ரிவர்ஸ். சூரியன் அடிவானத்தில் நிற்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் அது. கடலுக்கு ஹார்டு, மலைக்கு சாஃப்ட் என்று எல்லோரும் சொல்வார்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் லென்ஸும் அந்தக் கோட்டை மாற்றும் என்பதை யாரும் சொல்வதில்லை. ஃபோகல் லெங்த் கூடக் கூட, பலகையின் சின்னப் பகுதியை மட்டுமே லென்ஸ் பார்க்கும். கோடு விரிந்து மெதுவாகிவிடும். 70 மிமீயில் சாஃப்ட் ஜிஎன்டி போட்டால் படம் முழுக்க லேசாகக் கருப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. சின்ன சென்சார், சின்ன லென்ஸ் கேமராக்களிலும் இதே கதைதான். அபர்ச்சரைச் சுருக்கினால் கோடு கூர்மையாகும். அதனால் முதல் ஜிஎன்டியாக 3 ஸ்டாப் மீடியம் வாங்கச் சொல்வேன். மீடியம் கிடைக்காவிட்டால் ஃபுல் ஃப்ரேம் வைட்டுக்கு சாஃப்ட், சின்ன சென்சாருக்கு ஹார்டு.

எத்தனை ஸ்டாப் வேண்டும் என்பதை அளந்தே முடிவு செய்யலாம். ஒரே அபர்ச்சர், ஐஎஸ்ஓவில் தரை 1/15, வானம் 1/250 என்று காட்டினால் வித்தியாசம் 4 ஸ்டாப். அதில் 3-ஐ ஃபில்டரில் எடுத்து ஒரு ஸ்டாப்பை விட்டுவிடுங்கள். வானம் தரையைவிடக் கொஞ்சம் பிரகாசமாக இருந்தால்தான் கண்ணுக்கு இயல்பு. ஏரியில் தெரியும் வானத்தின் பிம்பம் நிஜ வானத்தைவிடப் பிரகாசமாகிவிட்டால் ஃபில்டர் அதிகம் என்று அர்த்தம்.

ஜிஎன்டி 100-க்கு 150 மிமீ நீளப் பலகையாகவே இருக்கட்டும். சதுரமான 100-க்கு 100-இல் ஏற்றி இறக்க இடமிருக்காது. சுற்றிச் சுற்றிக் கருமையைக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் என்டியை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். வைட் லென்ஸில் அதிகம் சுற்றினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி கருப்பு விழும்.

7. கண்ணாடியா ரெசினா?

கண்ணாடி எளிதில் கீறாது, நிறம் சுத்தம், ஆனால் விழுந்தால் உடையும். ரெசின் விழுந்தால் பெரும்பாலும் தப்பிக்கும், ஆனால் துடைத்துத் துடைத்தே கீறல் விழும், தூசியை இழுக்கும். என்டி கண்ணாடியில்தான் வாங்க வேண்டும், அதுவும் இன்ஃப்ராரெட் தடுப்போடு. இல்லாவிட்டால் நீண்ட எக்ஸ்போஷரில் நிழலெல்லாம் செம்பழுப்பாகும். ஜிஎன்டியை அடிக்கடி கையாள்வோம் என்பதால் அது ரெசினாக இருந்தாலும் பாதகமில்லை. கை தவறிப் போடும் பழக்கம் இருந்தால் அதுவே நல்லது.

8. பணத்தை எப்படிப் பிரிப்பது?

முதல் தவணையில் போலரைசரோடு வரும் ஹோல்டர் கிட், 6 ஸ்டாப் என்டி ஒன்று. இவ்வளவுதான். ஒரு பருவம் முழுக்க இதை வைத்துப் படமெடுத்தால், அடுத்து ஜிஎன்டியா 10 ஸ்டாப்பா என்று உங்கள் படங்களே காட்டிவிடும்.

ஐந்து, ஆறு ஃபில்டர் கொண்ட பெரிய கிட் கண்ணில் படும். ஒவ்வொன்றின் தனி விலையையும் எழுதி, நீங்கள் நிச்சயம் பயன்படுத்தும் பொருள்களை மட்டும் கூட்டுங்கள். அந்தத் தொகை கிட் விலையைவிடக் குறைவு என்றால் அது சலுகை இல்லை. மிக மலிவான பிளாஸ்டிக் செட்கள் பழகிப் பார்க்க மட்டும்தான்; நிறம் மாறும் படங்களைத் திருத்துவதிலேயே பொழுது போய்விடும்.

மறந்துபோகும் செலவுகள்: கூடுதல் ரிங், ரிங்குக்கான மூடி, பலகைகளுக்கான உறை, ரிமோட், நல்ல துணி. உறுதியான ட்ரைபாட் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். அது இல்லாமல் என்டியால் எந்தப் பலனும் இல்லை.

வாங்கும் முன் கம்பெனியின் பொருத்தப் பட்டியலில் உங்கள் லென்ஸின் முழுப் பெயர் இருக்கிறதா என்று தேடி, அந்தப் பக்கத்தைச் சேமித்துவையுங்கள். ‘அந்த லென்ஸுக்குப் பொருந்தும்’ என்று விற்பவர் வாயால் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். பில்லில் மாடல் பெயர் முழுதாக இருக்கட்டும். வெறுமனே ‘ஃபில்டர் கிட்’ என்று போட்டால் திருத்தச் சொல்லுங்கள். திருப்பித் தரும் கெடு எந்த நாளிலிருந்து எண்ணப்படும், பெட்டி பிரித்திருந்தால் ஏற்பார்களா, உத்தரவாதம் பூச்சு உரிவதையும் ஹோல்டர் பழுதையும் சேர்த்ததா என்று கேளுங்கள். உடைந்தால் பொதுவாக உத்தரவாதத்தில் வராது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும், பழுதானால் திருப்பி அனுப்பும் செலவும் உங்கள் தலையில் விழுமா என்பதையும் பாருங்கள்.

பழைய பொருள் என்றால் பலகையின் ஓரச் சில்லு, பூச்சில் கீறல், ஹோல்டரின் பிடி தளர்ச்சி மூன்றையும் நேரில் பாருங்கள். பழைய ரெசினைத் தவிர்க்கலாம். கண்ணாடி தைரியமாக வாங்கலாம்.

9. கைக்கு வந்ததும் சோதியுங்கள்

திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இதை முடித்துவிட வேண்டும். ஒரு மாலை நேரம் போதும். முதல் வெளியூர்ப் பயணத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் கெடு போய்விடும்.

வெள்ளைச் சுவர் முன் ட்ரைபாடில் கேமராவை நிறுத்துங்கள். லென்ஸை அதிகபட்ச வைடில் வைத்து, அபர்ச்சரை எஃப்/16-க்குச் சுருக்கி, போலரைசரும் இரண்டு பலகையும் மாட்டிப் படம் எடுங்கள். ஃபோகஸை மிக அருகிலும் முடிவிலியிலும் வைத்து ஒவ்வொன்று. சில லென்ஸ்களில் ஃபோகஸ் மாறும்போது காட்சியின் அகலமும் மாறும். பிறகு ஹோல்டரைச் சாய்த்து ஒன்று. மலைச்சரிவுக்குச் சாய்த்து வைக்கும்போது மூலை கருப்பதுண்டு. எல்லாவற்றையும் ரா கோப்பாக எடுத்து, லென்ஸ் திருத்தத்தை நிறுத்திவிட்டு மூலைகளைப் பாருங்கள்.

நிறத்துக்கு, வெளிச்சம் மாறாத இடத்தில் ஒயிட் பேலன்ஸை ஒரே எண்ணில் பூட்டி, வெள்ளைத் தாளை ஃபில்டர் இல்லாமலும் போட்டும் எடுங்கள். படம் முழுக்க ஒரே சாயல் என்றால் பின்னால் திருத்திவிடலாம். நடுவில் ஒரு நிறம், ஓரத்தில் ஒரு நிறம் என்றால் திருப்பித் தர வேண்டியதுதான்.

கசிவுக்கு, இருப்பதிலேயே கருமையான என்டியைப் போட்டு, படம் வெளுத்துவிடாத அளவுக்கு நீண்ட எக்ஸ்போஷர் கொடுங்கள். கடைசியாக, மெத்தை மேல் பிடித்துக்கொண்டு கேமராவை நிமிர்த்தியும் படுக்கவைத்தும் கவிழ்த்தும் பாருங்கள். பலகை நழுவக் கூடாது.

10. வெளியில் முதல் தடவை

சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே இடத்தில் இருங்கள். ரிங்கை வீட்டிலேயே மாட்டிவிடலாம்.

அங்கே வரிசை இப்படி: ஃபில்டர் இல்லாமல் ஃப்ரேம் அமையுங்கள். ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றுங்கள். போலரைசரைச் சுற்றி நிறுத்துங்கள். ஜிஎன்டியை இரண்டாவது காடியில் செருகி, திரையைப் பார்த்தபடி ஏற்றி இறக்குங்கள். மெல்ல அசைத்தால் கோடு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குப் புலப்படும். இப்போது ஒரு சோதனைப் படம் எடுத்து ஷட்டர் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு என்டியை லென்ஸுக்கு மிக அருகிலுள்ள காடியில், நுரைப் பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி செருகுங்கள். குறித்த நேரத்தை 6 ஸ்டாப்புக்கு 64-ஆலும், 10 ஸ்டாப்புக்கு 1000-ஆலும் பெருக்குங்கள். 1/30 நொடி 10 ஸ்டாப்பில் சுமார் அரை நிமிடம். 30 நொடிக்கு மேல் போனால் பெரும்பாலான கேமராக்களில், வேண்டிய நேரம் ஷட்டரைத் திறந்து வைக்கும் பல்பு மோடும் ரிமோட்டும் தேவைப்படும். டிஎஸ்எல்ஆர் என்றால் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரை மூடுங்கள், அதன் வழியாகவும் வெளிச்சம் புகும்.

சூரியன் எழும்பியபின் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் கூடும். இரண்டு நிமிட எக்ஸ்போஷர் தொடங்கும்போது போட்ட கணக்கு முடியும்போது பொருந்தாது. உதயத்தில் கொஞ்சம் குறைத்தும், அஸ்தமனத்தில் கொஞ்சம் கூட்டியும் வையுங்கள்.

11. துடைப்பதும் கழுவுவதும்

முதலில் ஊதுகுழலால் தூசியை ஊதி, பிறகு துணி. தூசியோடு துடைத்தால்தான் கீறல். கடற்சாரல் பட்ட பலகையை உலரவிடாமல் அன்றிரவே நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஹோல்டரையும் ரிங்குகளையும் கூட. போலரைசரை மட்டும் தண்ணீரில் முக்க வேண்டாம். அதில் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒட்டிய படலம் இருக்கிறது, ஓரம் வழியாக ஈரம் இறங்கினால் படலம் பிரியும். ஈரத்துணியால் உப்பை எடுத்துவிட்டுக் காயவையுங்கள். ரிங் இறுகிக்கொண்டால் அமுக்கிப் பிடித்துத் திருகாதீர்கள், அமுக்கினால் ரிங் நசுங்கி இன்னும் இறுகும். சுற்றிலும் ஒரு அகலமான ரப்பர் பேண்டைப் போட்டு, விரல்களைச் சீராக வைத்து மெதுவாகத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும்.